எக்ஸ் சேவையகமும் சாளர மேலாளரும்

லினக்ஸ் இயங்கும் கணினியின் திரையில் ஒரு சாளரம் திறக்கும்போது, அதைத் திறக்கச் சொன்ன நிரலும், அதைத் திரையில் காட்டும் நிரலும், அதற்குத் தலைப்புப் பட்டையும் விளிம்பும் கொடுத்து அது எங்கே இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் நிரலும் தனித்தனியானவை என்பதைப் பயனர்களில் பெரும்பாலோர் அறிவதில்லை. அறிய வேண்டிய தேவையும் அவர்களுக்கு இல்லை. எக்ஸ் சாளர முறைமை என்ற பழைய ஏற்பாட்டில் இம்மூன்றுள் முதலாவது கிளையன்ட் எனப்படும். இரண்டாவது டிஸ்பிளே சர்வர், அதாவது காட்சிச் சேவையகம். மூன்றாவது சாளர மேலாளர். மேலாளர் என்ற பெயர் மனிதரைச் சுட்டினாலும் அதுவும் ஒரு நிரலே ஆதலால் இங்கு அஃறிணையாகவே வழங்கப்படுகிறது. சாளர மேலாளர்களை எழுதுவதையும் பழுது பார்ப்பதையும் தொழிலாகக் கொண்டவர்களின் நாட்களில் பெரும்பகுதி, சேவையகத்துக்கும் மேலாளருக்கும் இடையே ஓயாமல் நடக்கும் பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பதிலேயே கழிகிறது. அந்தப் பேச்சின் இயல்பும், அதில் எங்கெங்கே இடறல் நேர்கிறது என்பதும் இக்கட்டுரையின் பொருள்.

சேவையகமும் மேலாளரும் ஏன் பிரிக்கப்பட்டன என்பதை அறிய 1980களின் எம்.ஐ.டி.க்குச் செல்ல வேண்டும். டெக், ஐபிஎம் ஆகிய நிறுவனங்களின் துணையோடு அங்கு 1983இல் தொடங்கிய அத்தீனா திட்டம், வெவ்வேறு நிறுவனங்கள் செய்த கணினிகளை ஒரே வளாகத்தில் மாணவர்களின் பயன்பாட்டுக்கு வைக்க முனைந்தது. கணினி அறிவியல் ஆய்வகத்தைச் சேர்ந்த பாப் ஷைஃப்லரும், டெக் நிறுவனத்திலிருந்து அத்தீனாவுக்கு வந்திருந்த ஜிம் கெட்டிஸும், ஸ்டான்ஃபர்டில் பால் அசென்டேயும் பிரயன் ரீடும் செய்திருந்த டபிள்யூ என்ற சாளர முறைமையை அடிப்படையாகக் கொண்டு 1984இல் புதிய முறைமை ஒன்றை வகுத்தனர். டபிள்யூவில் நிரல் ஒவ்வொரு கட்டளைக்கும் விடை வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஷைஃப்லரின் மாற்றத்துக்குப் பிறகு, நிரல் காத்திராமல் வேண்டுகோள்களை வரிசையாக அனுப்பிக்கொண்டே போகலாம், பிழை ஏதேனும் நேர்ந்தால் அச்செய்தி பின்னால் வந்து சேரும் என்றாயிற்று. அகரவரிசையில் டபிள்யூவுக்கு அடுத்த எழுத்தே புதிய முறைமைக்குப் பெயராயிற்று. இன்றும் புழங்கும் பதினோராம் பதிப்பு 1987 செப்டம்பரில் வெளிவந்தது. காத்திராத இந்தப் பேச்சுமுறை வேகத்துக்காகச் செய்யப்பட்டது, வேகத்தைத் தரவும் செய்தது. ஆனால் சாளர மேலாளர் எழுதுவோர் படும் தொல்லைகளில் பாதி இதன் வயிற்றில் பிறந்தவை.

அதே காலத்து மெக்கின்டாஷில் சாளரத்தின் தோற்றமும் நடத்தையும் கணினியின் ரோம் நினைவகத்திலேயே எழுதி வைக்கப்பட்டிருந்தன. ஒரே நிறுவனம் வன்பொருளையும் மென்பொருளையும் செய்தமையால் அது இயன்றது. எக்ஸ் முறைமையோ பல நிறுவனங்களுக்குப் பொதுவாக இருக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு தோற்றத்தை விரும்பியது. ஆகவே அதை வகுத்தவர்கள், சேவையகம் கருவிகளை மட்டும் கொடுக்கட்டும், அவற்றைக்கொண்டு எப்படிப்பட்ட மேசைத்தளம் அமைப்பது என்ற தீர்மானம் வெளியே இருக்கட்டும் என்று முடிவு செய்தனர். அந்தத் தீர்மானத்தைச் சுமக்க வந்ததே சாளர மேலாளர். அதற்குத் தனி இருக்கை எதுவும் வழங்கப்படவில்லை என்பதுதான் இதில் வியப்பு. கடிகாரம் காட்டும் சிறு நிரல் எந்த வாயில் வழியாகச் சேவையகத்தோடு இணைகிறதோ, அதே வாயில் வழியாகவே சாளர மேலாளரும் இணைகிறது.

மேலாளர் எதுவுமில்லாமல் சேவையகத்தை மட்டும் இயக்கி, அதில் ஒரு முனையச் சாளரத்தைத் திறந்து பார்ப்பவருக்கு இந்தப் பிரிவினை உடனே விளங்கிவிடும். திரையின் இடது மேல் மூலையில், தலைப்பும் விளிம்பும் அற்ற ஒரு வெறும் செவ்வகம் தோன்றும். அதை நகர்த்தவோ சிறிதாக்கவோ வழி இராது. இரண்டாவது சாளரம் திறந்தால் அது முதலாவதன் மேலேயே வந்து அமரும். மவுஸின் அம்புக்குறி எந்தச் செவ்வகத்தின் மேல் நிற்கிறதோ அதற்கே தட்டச்சு போய்ச் சேரும். பழைய சேவையகங்களில் பின்புலமாகக் கண்ணைக் கூசவைக்கும் சாம்பல் நிறப் புள்ளிப் பின்னலும், நடுவில் எக்ஸ் வடிவக் குறியும் தோன்றும். இப்போது வெறும் கறுப்பே தோன்றுகிறது, பழைய பின்னலைக் காண விரும்புவோர் ரெட்ரோ என்ற தெரிவைக் கொடுக்க வேண்டும். சேவையகத்துக்குத் தெரிந்தவை செவ்வகங்கள், அவற்றின் தாய்–சேய் உறவு, ஒன்றன்மேல் ஒன்றாக அவை அடுக்கப்பட்டிருக்கும் வரிசை, விசையும் மவுஸும் எழுப்பும் நிகழ்வுகள் ஆகியவை மட்டுமே. எல்லாச் செவ்வகங்களுக்கும் மூதாய், திரை முழுவதையும் நிறைக்கும் வேர்ச் சாளரம். சிறிதாக்குதல், பெரிதாக்குதல், மூடுதல் என்ற கருத்துகளே சேவையகத்துக்குக் கிடையாது.

அப்படியானால் பிற நிரல்களுக்குச் சமமான ஒரு நிரல், அவற்றின் சாளரங்களை எவ்வாறு ஆள முடிகிறது? நெறிமுறையில் உள்ள ஒரே ஒரு சிறப்பு ஏற்பாட்டில் இதற்கான விடை இருக்கிறது. எந்த நிரலும் ஒரு சாளரத்தைக் குறித்து இன்னின்ன நிகழ்வுகளைத் தனக்குத் தெரிவிக்குமாறு சேவையகத்திடம் சொல்லி வைக்கலாம். அவ்வாறு சொல்லக்கூடியவற்றுள் சப்ஸ்ட்ரக்சர் ரீடைரக்ட் என்பது தனி வகை. ஒரு சாளரத்தின்மீது இதைப் பெற்றுக்கொண்ட நிரல் இருக்கும்வரை, அச்சாளரத்தின் நேரடிச் சேய்களைத் திரையில் காட்டுமாறோ, நகர்த்துமாறோ, அளவு மாற்றுமாறோ வேறு நிரல்கள் விடுக்கும் வேண்டுகோளைச் சேவையகம் நிறைவேற்றாது; வேண்டுகோளை நிறுத்திவைத்து, அதன் விவரத்தை மட்டும் ரீடைரக்ட் பெற்ற நிரலுக்கு அனுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். வேர்ச் சாளரத்தின்மீது இதைப் பெற்றுக்கொள்ளும் நிரலே சாளர மேலாளர். அதற்கு வேறு இலக்கணம் இல்லை. ஒரு சாளரத்தின்மீது ஒரே ஒரு நிரல்தான் இதைப் பெற முடியும். இரண்டாவதாகக் கேட்கும் நிரலுக்கு பேட் அக்சஸ் என்ற பிழை திரும்பி வரும், ஏற்கெனவே வேறொரு சாளர மேலாளர் இயங்குகிறது என்று அது பயனருக்குச் சொல்லிவிட்டு வெளியேறும். கல்யாணப் பந்தியில் யாரை எந்த இலைக்கு முன் அமர்த்துவது என்று சொல்ல ஒருவர் நிற்பது போன்றது இது. இருவர் நின்றால் பந்தி நடக்காது.

இந்த ஏற்பாட்டுக்கு வெளியே நிற்கும் சாளரங்களும் உண்டு. பட்டியல்களும், மவுஸ் நின்றதும் எழும் குறிப்புப் பெட்டிகளும் நொடிப்பொழுதில் தோன்றி மறைபவை. அவற்றுக்கு மேலாளரின் அனுமதியோ தலைப்புப் பட்டையோ தேவையில்லை. ஓவர்ரைட் ரீடைரக்ட் என்ற பண்பைத் தம்மீது இட்டுக்கொண்ட சாளரங்களைச் சேவையகம் மேலாளரிடம் காட்டாமலேயே திறந்துவிடும். இது தேவையான விலக்கு, ஆனால் கட்டற்ற விலக்கு. எந்த நிரலும் எந்தச் சாளரத்துக்கும் இதைக் கோரலாம் என்பதால், சில விளையாட்டு நிரல்கள் முழுத்திரையையும் பிடித்துக்கொள்ள இதையே குறுக்குவழியாக்கிக் கொண்டன. தன் அனுமதியின்றித் திறந்த சாளரத்தை மேலாளர் வழக்கமாகக் கீழிறக்குவதும் இல்லை.

முனையச் சாளரம் ஒன்று திறப்பதை அணுகிப் பார்த்தால் பேச்சின் போக்கு தெளிவாகும். எக்ஸ்டெர்ம் என்ற முனைய நிரல் முதலில் வேர்ச் சாளரத்தின் சேயாக ஒரு சாளரத்தைப் படைக்குமாறு கேட்கிறது. படைத்தலில் மேலாளருக்குப் பங்கில்லை. பின்பு தன் பெயர், விரும்பும் அளவு, எந்த அளவுப் படிகளில் வளர விரும்புகிறது ஆகியவற்றை அச்சாளரத்தின்மீது பண்புகளாக எழுதி வைக்கிறது. பிறகு அதைத் திரையில் காட்டுமாறு கேட்கிறது. அந்த வேண்டுகோள் நிறுத்தப்பட்டு, மேப் ரிக்வெஸ்ட் என்ற நிகழ்வாக மேலாளரை அடைகிறது. மேலாளர் பண்புகளைப் படித்து, இடத்தைத் தீர்மானித்து, தலைப்புப் பட்டைக்கும் விளிம்புக்கும் இடம்விட்டுச் சற்றே பெரிய சட்டகச் சாளரம் ஒன்றைத் தன் சொந்தமாகப் படைக்கிறது. எக்ஸ்டெர்மின் சாளரத்தை வேரிலிருந்து பெயர்த்துச் சட்டகத்துக்குச் சேயாக்குகிறது. அதன்பின் இரண்டையும் திரையில் காட்டுமாறு சொல்கிறது. பயனர் தலைப்புப் பட்டையைப் பிடித்து இழுக்கும்போது நகர்வது சட்டகமே. உள்ளிருக்கும் சாளரம் தன் தாயைப் பொறுத்து அசைவதே இல்லை, ஆகவே தான் இடம் மாறியதை அது அறிவதும் இல்லை.

இந்தத் தாய் மாற்றம் பார்க்க எளிது. ஆனால் இதை முதன்முறை எழுதுபவர் யாராயினும் வந்து நிற்கும் ஒரு கண்ணி இதில் இருக்கிறது. மேலாளர் தொடங்கும்போதே திரையில் சில சாளரங்கள் திறந்திருந்தால் அவற்றையும் அது சட்டகத்துக்குள் கொண்டுவர வேண்டும். ஏற்கெனவே காட்சியில் உள்ள சாளரத்துக்குத் தாயை மாற்றும்போது, சேவையகம் அதை முதலில் காட்சியிலிருந்து அகற்றி, இடம்பெயர்த்து, மீண்டும் காட்டுகிறது. அகற்றியதற்கான அறிவிப்பும் முறைப்படி மேலாளருக்கு வருகிறது. மேலாளரோ அதைப் படித்து, உரிய நிரலே சாளரத்தை மறைத்துக்கொண்டது என்று கருதி, சட்டகத்தை அழித்துவிடுகிறது. தானே செய்த செயலின் எதிரொலியை மற்றவரின் செயல் என்று கொள்வதுதான் கோளாறு. எதிர்பார்க்கும் அகற்றல் அறிவிப்புகளை எண்ணி வைத்து, அந்த எண்ணிக்கை தீரும்வரை அவற்றைப் பொருட்படுத்தாமல் விடுவதோ, அறிவிப்பு வேர்ச் சாளரத்தின் வழியாக வந்ததா எனப் பார்த்து ஒதுக்குவதோ வழக்கமான தீர்வு. பிறர் எழுதிய சாளர மேலாளரின் நிரல்வரிகளை முதன்முறை திறப்பவர், அதன் தரத்தை மதிப்பிட இந்த இடத்தைத்தான் தேடிப் பார்ப்பார்.

மேலாளர் திடீரென்று இறந்துவிட்டால், அது படைத்த சட்டகங்கள் அனைத்தும் அதனோடு அழியும். அவற்றுள் சேயாக இருந்த பிற நிரல்களின் சாளரங்களும் கூடவே அழிய வேண்டும். அது நேராமல் காப்பது சேவ் செட் என்ற பட்டியல். தாய் மாற்றப்பட்ட ஒவ்வொரு சாளரத்தையும் மேலாளர் இப்பட்டியலில் சேர்த்து வைக்கிறது. மேலாளரின் இணைப்பு அறுந்தவுடன் சேவையகம் பட்டியலில் உள்ள சாளரங்களை வேருக்குத் திருப்பிக் கொண்டுசென்று காட்சியில் வைக்கிறது. இதனால், எழுதிக்கொண்டிருக்கும் மடல் பாதியில் நிற்க, மேலாளரைக் கொன்று வேறொன்றை இயக்கலாம். மடலுக்கு ஒன்றும் ஆகாது, சுற்றிலும் உள்ள சட்டகம் மட்டும் புதுவடிவம் கொள்ளும். இத்தொழிலில் இருந்தவர்கள் எக்ஸின் வசதிகளுள் அதிகம் நேசித்தது இதுவாகவே இருக்கும். காலையில் எழுதிய மாற்றத்தைத் தான் வேலை செய்துகொண்டிருக்கும் மேசைத்தளத்திலேயே நண்பகலுக்குள் ஏற்றிப் பார்க்கலாம் என்ற துணிவு வேறெந்தச் சாளர முறைமையிலும் எளிதில் வாய்க்கவில்லை. துணிவு குறைந்தவர்கள் ஸெஃபிர் என்ற சேவையகத்தை, ஓடும் திரைக்குள் மற்றொரு திரையாகத் திறந்து அதில் சோதித்துக்கொள்வர். அதுவே நல்ல பழக்கமும்கூட.

நெறிமுறை இவ்வளவையும் தந்தது. ஆனால் நிரல்களும் மேலாளரும் தமக்குள் எந்தச் சொற்களில் பேசிக்கொள்வது என்பதைத் தரவில்லை. சாளரத்தின் பெயர் எந்தப் பண்பில் எழுதப்படும், மூடச் சொன்னால் எப்படிச் சொல்வது, உரையாடல் பெட்டி எந்தப் பெரிய சாளரத்துக்கு உரியது என்பனவெல்லாம் நெறிமுறைக்கு வெளியே, மரபாக வகுக்கப்பட வேண்டியவை. சன் மைக்ரோசிஸ்டம்ஸில் இருந்த டேவிட் ரோசந்தால் எழுதி, 1989இல் நிலைபெற்ற ஐசிசிசிஎம் என்ற ஆவணம் இதைச் செய்தது. மூடும் பொத்தானை அழுத்தினால், மேலாளர் சாளரத்தை அழிப்பதில்லை. அச்சாளரம் டெலீட் விண்டோ என்ற மரபை அறிவேன் என்று எழுதி வைத்திருக்கிறதா எனப் பார்த்து, இருந்தால் ஒரு செய்தி அனுப்புகிறது, சேமிக்காத கோப்பு உண்டெனில் நிரல் தன் பயனரைக் கேட்டுக்கொள்கிறது. அவ்வாறு எழுதி வைக்காத நிரலின் இணைப்பைத்தான் மேலாளர் நேரடியாகத் துண்டிக்கச் சொல்லும். எக்ஸ்டெர்ம் எழுதி வைக்கும் அளவுப் படிகளும் இதே மரபின்பாற்பட்டவை. மூலையைப் பிடித்து இழுக்கும்போது சாளரம் பிக்சல் பிக்சலாக வளராமல் எழுத்துக்கு எழுத்து தாவுவதும், நடுவில் 80, 24 என்று எழுத்து, வரி எண்ணிக்கைகள் தெரிவதும் அதனால்தான்.

ஐசிசிசிஎம்மின் நடை வறண்டது, இடையிடையே புதிர் போலவும் இருப்பது. ஆயினும் அதில் ஒரு விதியைப் புறக்கணித்தாலும் எங்கோ ஒரு நிரல் உடையும். சட்டகத்துக்குள் இருக்கும் சாளரம் தான் இடம் மாறியதை அறியாது என்று முன்னர்க் கூறப்பட்டது. அதற்கு மாற்றாக, சட்டகம் நகரும்போதெல்லாம் மேலாளர் தானே ஓர் அறிவிப்பைச் செயற்கையாகப் புனைந்து, திரையைப் பொறுத்த உண்மையான இடத்தை அதில் எழுதி அனுப்ப வேண்டும் என்பது விதி. இதை விட்டுவிட்டால் முதலில் ஒன்றும் தெரியாது. சாளரம் நகரும், உள்ளே எழுத்துகள் சரியாகவே இருக்கும். பிறகு பயனர் பட்டியல் ஒன்றைத் திறப்பார், அது சாளரம் முன்பு இருந்த இடத்தில், வெற்று வெளியில் திறக்கும்.

ஜாவாவின் ஏடபிள்யூடி சாளரக் கருவித்தொகுப்பு இவ்விஷயத்தில் புகழ்பெற்றது. மேலாளர் தாய் மாற்றம் செய்யும் வகையா, செய்யாத வகையா என்பதை அது தானே ஊகிக்க முயன்று, தனக்குத் தெரிந்த மேலாளர்களின் பெயர்களை ஒரு பட்டியலாக உள்ளே பதித்து வைத்திருந்தது. டிடபிள்யூஎம், எக்ஸ்மோனாட் போன்று, சாளரங்களைத் தரையில் ஓடு பதித்தாற்போல் இடைவெளியின்றிப் பரப்பும், தாய் மாற்றம் செய்யாத மேலாளர்கள் அப்பட்டியலில் இல்லை. ஆகவே அவற்றின்கீழ் ஜாவா நிரல்கள் வெறும் சாம்பல் நிறப் பரப்பாகத் திறந்து அப்படியே நின்றன. பயனர்கள் கண்டுபிடித்த மருந்து வேடிக்கையானது. சன் நிறுவனமே லுக்கிங் கிளாஸ் என்ற முப்பரிமாண மேசைத்தளச் சோதனைக்காக எழுதிய எல்ஜி3டி என்ற மேலாளரின் பெயர் பட்டியலில் தாய் மாற்றம் செய்யாதவற்றுள் ஒன்றாக இருந்தது. தாம் பயன்படுத்தும் மேலாளரின் பெயரை எல்ஜி3டி என்று பொய்யாக அறிவித்துவிட்டால் சாம்பல் பரப்பு மறைந்து நிரல் உயிர்பெற்றது. பின்னர் இதற்கென ஒரு சூழல் மாறி அளிக்கப்பட்டது என்றாலும், பொய்ப் பெயர் சூட்டும் அறிவுரை இன்றும் கையேடுகளில் கிடக்கிறது.

காத்திராத பேச்சுமுறையின் விலை எல்லாவற்றுக்கும் மேலே தெரிவது இறந்துபோன சாளரங்களில்தான். மேலாளருக்கு ஓர் அறிவிப்பு வந்து சேரும் நேரத்தில், அது பேசும் சாளரம் ஏற்கெனவே அழிந்திருக்கலாம். அதை அறியாத மேலாளர் அதன் பெயரைக் கேட்கும், அளவைக் கேட்கும், சட்டகத்துள் இழுக்கும்; ஒவ்வொன்றுக்கும் பேட் விண்டோ என்ற பிழை வரும். எக்ஸ்லிப் நிரலகத்தின் இயல்பான ஏற்பாடு, பிழை வந்தால் நிரலையே நிறுத்திவிடுவது. சாதாரண நிரலுக்கு இது பொருந்தும், சாளர மேலாளருக்குப் பொருந்தாது. அதற்கு இத்தகைய பிழை நோயன்று, அன்றாடம். ஆகவே எல்லா மேலாளர்களும் பிழை கையாளும் தனிச் செயற்கூறு ஒன்றை வைத்திருக்கின்றன. மூல நிரல் 2000 வரிகளைத் தாண்டலாகாது என்று கொள்கை வகுத்துக்கொண்ட டிடபிள்யூஎம்மிலும் அது இடம்பெற்றிருக்கிறது. சேவையகத்தைச் சிறிது நேரம் பூட்டி வைத்து, அதற்குள் எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிடலாம் என்பது மற்றொரு வழி. பூட்டியிருக்கும் நேரத்தில் திரை முழுவதும் உறைந்து நிற்கும் என்பதால் அனுபவமுள்ளவர்கள் அதை அரிதாகவே எடுப்பர்.

தமிழ்ப் பயனர்களைத் தொட்ட ஒரு சிக்கலும் ஐசிசிசிஎம் மரபிலிருந்தே வந்தது. அது வகுக்கப்பட்டபோது யூனிகோடு இல்லை. சாளரத்தின் பெயர் லத்தீன் எழுத்துகளிலோ, காம்பவுண்ட் டெக்ஸ்ட் என்ற கலவைக் குறியாக்கத்திலோ எழுதப்பட வேண்டியிருந்தது. எக்ஸ்லிப்பின் மொழிக் கோப்புகளில் தமிழின் திஸ்கி குறியாக்கத்துக்கும் ஒரு கோப்புறை இடம்பெற்றது என்றாலும், மேசைத்தளங்களில் தமிழ்த் தலைப்புகள் இயல்பாகப் புழங்க வழிசெய்தது, பெயரை யுடிஎஃப்-8இல் எழுதும் தனிப் பண்பை வகுத்த இடபிள்யூஎம்எச் என்ற பிற்கால மரபுதான். அதன் பிறகும் வேலை முடியவில்லை. தலைப்புப் பட்டையை வரைவது மேலாளர். உள்ளிருக்கும் உலாவி தமிழை எவ்வளவு செம்மையாகக் காட்டினாலும், மேலாளரின் எழுத்து வரையும் திறனே தலைப்பில் தெரியும். எக்ஸ்எஃப்டி நிரலகத்தை மட்டும் நம்பும் மேலாளர்கள் குறியீடுகளை வந்த வரிசையிலேயே ஒவ்வொன்றாக இட்டுச் செல்வதால், ‘செய்தி’ என்ற சொல்லில் சகரம் முதலிலும் ஒற்றைக்கொம்பு அதன் பின்னாலும் வந்து நிற்கும். பாங்கோ நிரலகத்தின் வழியாக வரையும் ஓப்பன்பாக்ஸ், ஐ3 போன்றவற்றில் கொம்பு தன் இடத்தில் வரும். சிறிய மேலாளர்களின் எளிமையைப் போற்றுவோர் இவ்விடத்தில் பெரும்பாலும் பேசாமல் கடந்துவிடுகின்றனர். எளிமை யாருடைய எழுத்துக்கு என்ற கேள்வி அங்கு எழவே செய்கிறது.

2004ஐ ஒட்டி, கீத் பேக்கார்டு முதலியோரின் முயற்சியால் காம்பொசிட் என்ற விரிவாக்கம் வந்தது. அதுவரை நிரல்கள் நேரே திரையின்மீதே வரைந்தன. ஒரு சாளரம் விலகினால், அதன்கீழ் மறைந்திருந்த பகுதியை உரிய நிரல் மீண்டும் வரைய வேண்டும். அந்நிரல் உறைந்திருந்தால், மேலே இழுக்கப்பட்ட சாளரத்தின் தடங்கள் அப்படியே அப்பிக்கொண்டிருக்கும். காம்பொசிட் வந்தபின் ஒவ்வொரு சாளரமும் திரைக்கு வெளியே தன் நினைவிடத்தில் வரையப்பட்டது. அவற்றை எடுத்து நிழலும் ஒளிபுகும் தன்மையும் சேர்த்து ஒரே படமாக்கும் வேலை காம்பொசிட்டர் என்ற மற்றொரு கிளையன்ட்டுக்குக் கிடைத்தது. இதிலும் முழு உரிமை ஒரே நிரலுக்குத்தான்; இரண்டாவதாகக் கேட்பதற்கு அதே பேட் அக்சஸ். சாளரங்களின் இடத்தை ஒரு நிரலும் அவற்றின் படத்தை வேறொரு நிரலும் ஆள்வது நெடுநாள் நிலைக்கவில்லை. 2006இல் வெளிவந்த கம்பிஸ் இரண்டையும் ஒன்றாகச் செய்தது. க்வின், மட்டர் ஆகியனவும் அவ்வழியே சென்றன.

ஆனால் அப்போது சேவையகத்தின் நிலை விசித்திரமாயிற்று. கம்பிஸின் சாளரங்கள் கூழ்போல் நெளிந்தன. நெளிந்த வடிவம் காம்பொசிட்டருக்கு மட்டுமே தெரியும், சேவையகத்தைப் பொறுத்தவரை சாளரம் இன்னும் நேரான செவ்வகமே. மவுஸ் அழுத்தம் எந்தச் சாளரத்துக்கு உரியது என்பதைத் தீர்மானிப்பதோ சேவையகம். திரையில் என்ன தெரிகிறது என்பதை அறிந்த நிரலிடம் உள்ளீடு இல்லை, உள்ளீட்டை வைத்திருந்த நிரலுக்குத் திரையில் தெரிவது இன்னதென்று தெரியவில்லை. அளவு மாற்றத்திலும் இதே பிளவு கண்ணுக்குப் புலப்பட்டது: மேலாளர் சட்டகத்தைப் பெரிதாக்கும், நிரல் தன் உட்பகுதியை வரைந்து முடிக்கச் சிறிது தாமதமாகும், அந்த இடைவேளையில் விளிம்பில் கறுப்புப் பட்டை ஒன்று மின்னி மறையும். அதை ஒத்திசைக்கத் தனி மரபு வகுக்கப்பட்டும், எல்லா நிரல்களும் அதைப் பின்பற்றவில்லை.

ரெட் ஹாட்டில் பணிபுரிந்த கிறிஸ்டியன் ஹாக்ஸ்பெர்க் 2008இல் தொடங்கிய வேலண்ட், சேவையகத்துக்கும் காம்பொசிட்டருக்கும் இடையிலான இந்தப் பிளவையே ஒழித்தது. மாசச்சூசெட்ஸில் உள்ள ஓர் ஊரின் பெயர் கொண்ட அந்நெறிமுறையில் காட்சிச் சேவையகம், சாளர மேலாளர், காம்பொசிட்டர் ஆகிய மூன்றும் ஒரே நிரல். நிரல் தன் படத்தை முழுதாக வரைந்து முடித்து ஒப்படைக்கும்வரை பழைய படமே திரையில் நிற்கும். கறுப்புப் பட்டைக்கு இடமில்லை. எக்ஸில் எந்த நிரலும் மற்ற நிரல்களுக்குப் போகும் விசைத் தட்டல்களை ஒட்டுக்கேட்க முடிந்தது. வேலண்டில், அப்போது விசைப்பலகையின் குவியம் பெற்றிருக்கும் நிரலுக்கே அவை போகும். எக்ஸில் திரைப் பூட்டு என்பதும் விசைப்பலகையைப் பிடித்துக்கொண்ட ஒரு சாதாரண நிரலே ஆதலால், ஏதேனும் ஒரு பட்டியல் திறந்து விசைப்பலகையை முன்பே பிடித்திருந்தால் பூட்டு விழாது; பூட்டு நிரல் செத்தால் திரை திறந்துகொள்ளும். இவற்றைப் பல ஆண்டுகள் ஒட்டுப்போட்டு வந்தவர்கள் வேலண்டை எதிர்ப்பதற்குக் காரணம் அதிகம் இல்லை.

இழப்பும் உண்டு. எக்ஸில் ஒருவர் தனியாக அமர்ந்து, வன்பொருளைப் பற்றி ஒன்றும் அறியாமல், சில நூறு வரிகளில் புழங்கத்தக்க சாளர மேலாளரை எழுதிவிட முடிந்தது. 1987இல் டாம் லாஸ்ட்ரேஞ்ச் எழுதிய ‘ட்விம்’ தொட்டு இன்றுவரை அத்தனை வகை மேலாளர்கள் தோன்றியது அதனால்தான். வேலண்டில் சாளரங்களை அடுக்கும் முறையில் ஒரு புதுமை செய்ய விரும்புபவர், உள்ளீட்டுக் கருவிகள், திரைகளின் தெளிவுத்திறன், கெர்னலின் வரைகலைப் பகுதி ஆகிய அனைத்துக்கும் பொறுப்பேற்க வேண்டியிருக்கிறது. 2017இல் தொடங்கிய டபிள்யூஎல்ரூட்ஸ் நிரலகம் அச்சுமையின் பெரும்பகுதியைத் தாங்கிக்கொண்டதால் டிடபிள்யூஎல் போன்றவை எழ முடிந்தது. ஆனால் ஓடும் மேசைத்தளத்தில் மேலாளரைக் கொன்று வேறொன்றை வைக்கும் வசதி போயிற்று. காம்பொசிட்டர் விழுந்தால் பொதுவாகத் திறந்திருக்கும் நிரல்களும் அதனோடு விழும். இதற்குப் பரிகாரம் தேடும் வேலை கேடிஇ வட்டாரத்தில் நடந்திருக்கிறது. சேவ் செட் என்ற சிறு பட்டியல் அளித்த நிம்மதியோடு ஒப்பிட்டால் அது நெடிய சுற்றுவழிதான்.

பழைய தொழிலறிவு வீணாகிவிட்டது என்றும் சொல்வதற்கில்லை. எக்ஸுக்காக எழுதப்பட்ட நிரல்கள் இன்னும் ஏராளமாக இருப்பதால், வேலண்ட் காம்பொசிட்டர்கள் எக்ஸ்வேலண்ட் என்ற எக்ஸ் சேவையகத்தைத் தமக்குக் கீழே ஓடவிடுகின்றன. அந்தச் சேவையகத்துக்கும் ஒரு சாளர மேலாளர் வேண்டும். ஆகவே மட்டர், க்வின், டபிள்யூஎல்ரூட்ஸ் ஆகிய ஒவ்வொன்றின் உள்ளும் ஐசிசிசிஎம் பேசும் ஒரு மேலாளர் குடியிருக்கிறது. வேர்ச் சாளரத்தின்மீது ரீடைரக்ட் கேட்பது, மேப் ரிக்வெஸ்ட்டுக்கு விடை சொல்வது, ஓவர்ரைட் ரீடைரக்ட் சாளரங்களைத் தனியே கணக்கில் வைப்பது, இடமாற்ற அறிவிப்புகளைப் புனைந்து அனுப்புவது என அத்தனையும் அங்கு அப்படியே நடக்கின்றன. வேலண்ட் காம்பொசிட்டரில் பழைய நிரலொன்றின் பட்டியல் தவறான இடத்தில் திறக்கிறது என்று முறையீடு வந்தால், திருத்த வேண்டிய வரி பெரும்பாலும் அந்தப் பகுதியில்தான் இருக்கும்.